ரயில் பாஸைத் திருப்பி அனுப்பிய எம்.எல்.ஏ

அமெரிக்காவில் இருக்கும் டப்ளினுக்கு வந்த முதல் வருடம், என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. பக்கத்திலிருந்த சிறிய வரலாற்று மியூசியத்தில் சம்பளமில்லாமல் உதவப் போனேன்.

அங்கே ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாநிலச் சட்டசபையில் இருந்த ஒருவர் எழுதியவை. எல்லாம் ஆங்கிலக் கூட்டெழுத்து. பள்ளியில் அதைக் கற்றிராத, அங்கு வந்த கல்லூரி மாணவர்களால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. திருச்சி கான்வென்ட்டில் நாலு கோடு நோட்டில் அதை எழுதி எழுதிக் கை வலித்தவள் நான். டைப் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

முதல் கடிதத்தில், ரயில் கம்பெனி கொடுத்த இலவசப் பாஸை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடுத்த கடிதத்திலேயே பாஸுக்கு நன்றி சொல்லியிருந்தார். பிறகு மச்சானுக்கும் ஒன்று கேட்டார். கடைசியில் மனைவி பெயரில் கம்பெனிப் பங்குகள். கம்பெனிக்கு நிலம் தரும் மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டு.

"இன்னிக்கு உன் எம்.எல்.ஏ என்ன வாங்கினார்?" என்று கணவர் தினமும் கேலி செய்வார்.

"சிரிக்காதீங்க. ஃபர்ஸ்ட் வேணாம்னு ரிட்டர்ன் பண்ண மனுஷன். நடுவுல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாகணும்."

பெட்டியை மியூசியத்துக்குக் கொடுத்தவர் அந்த எம்.எல்.ஏவின் கொள்ளுப்பேத்தி, எழுபதைத் தாண்டியவர். ஒருநாள் வந்து, படித்துக் காட்டச் சொன்னார். முதல் கடிதத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். "அடுத்தது?" என்றார். படித்தேன். பங்குக் கடிதம் வந்தபோது வாங்கிப் பார்த்து, கையெழுத்தை விரலால் தடவினார்.

"இதை டைப் பண்ணாம விட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். எல்லாத்தையும் போடுங்க. ஆனா இவர் எப்படி மாறினார்?"

என் கேள்வியேதான். மறுவாரம் அவர் தன் வீட்டுக் கராஜிலிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தார். எம்.எல்.ஏவின் மனைவி தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தேடினோம். மூன்றாவது நாள் ஒரு கடிதத்தில் பதில் கிடைத்தது.

அது மழைக்காலம். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் இலவச ரயிலில் வர, கம்பெனி ரயிலே வேண்டாமென்று எம்.எல்.ஏ மட்டும் குதிரை வண்டியில் சேறும் சகதியுமாக, தாமதமாகப் போய் இறங்கியிருக்கிறார். சபையே சிரித்திருக்கிறது. அன்று மாலை, ஒரே ஒரு தடவைக்கு என்று சொல்லிப் பாஸை வாங்கியிருக்கிறார்.

"அவ்வளவுதானா?" என்றார் கொள்ளுப்பேத்தி.

எனக்கும் நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.