மானியச் சுமை

பேப்பரில் 'மானியச் சுமை' என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அரசாங்கத்தால் தாங்க முடியவில்லையாம். எண்பதுகளின் கடைசியில், குரோம்பேட்டையில், அந்தச் சுமையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். மூடி சரியில்லாத பிளாஸ்டிக் கேன் நிறைய ரேஷன் மண்ணெண்ணெய், எங்கள் பாஷையில் கிருஷ்ணாயில். வீடு வந்து சேர்வதற்குள் புடவையெல்லாம் கிருஷ்ணாயில் நாறும்.

அவள் எங்கள் வீட்டின் பின்பக்கத்து போர்ஷனில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண். கணவர் அங்கேயே மாட்டிக்கொள்ள, மகளை மட்டும் கூட்டிக்கொண்டு படகேறி வந்தவள். அகதி முகாமில் இருந்தால் அரசாங்கம் மாதாமாதம் பணம் தரும், அரிசி தரும், மண்ணெண்ணெய் தரும். வெளியே வாடகைக்கு இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் பேர் பதிவதோடு சரி. ரேஷன் கார்டு கிடையாது. தெரிந்தேதான் அவள் வெளியே இருந்தாள்.

"சும்மா இருந்து சாப்பிட எனக்கு ஏலாது அக்கா. பிள்ளையும் ஒழுங்காப் படிக்க வேணும்" என்பாள்.

மகளை எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். விடிவதற்கு முன்பே ஸ்டவ்வைப் பற்ற வைத்து இடியப்பம் அவிப்பாள். கூடவே தேங்காய்ப்பால் விட்ட சொதி. ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் முதலில் 'சொதியா, அது இன்னா?' என்று சிரித்தார்கள். பிறகு பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். வாடகை, பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் அந்த இடியப்பத்தில்தான் நடந்தது. இடியப்பம் கிருஷ்ணாயிலில் நடந்தது.

கள்ள மார்க்கெட்டில் வாங்கினால் வருகிற லாபத்தை ஸ்டவ்வே குடித்துவிடும். அதனால் எங்கள் கார்டுக்கு வருகிறதில் பாதியை ரேஷன் விலைக்கே அவளுக்குக் கொடுத்தோம். எங்களுக்கு எண்ணெய் தீர்ந்துபோகிற நாட்களில் மரத்தூள் அடுப்பை மூட்டுவேன். ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைகூடப் புகை நாறுகிறது என்று என் கணவர் முனகுவார். ஆனால் ஒரு நாளும் கொடுக்காதே என்று சொன்னதில்லை.

நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் கார்டை எடுத்துக்கொண்டு அவள்தான் ரேஷன் கடைக்குப் போவாள். அவள் 'மண்ணெண்ணெய்' என்று கேட்டால் கியூவே திரும்பிப் பார்க்கும். கடைக்காரர் கிண்டல் பண்ணுவார். "மண்ணும் இல்ல, எண்ணெயும் இல்லக்கா. கிருஷ்ணாயில்தான் கீது, ஊத்தட்டா?" அவளும் சிரித்துவிட்டுக் கேனை நீட்டுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு காஸ் வந்தது. கல்யாணமான புதிதில் பதிந்து வைத்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டுமில்லை, அவளுக்கும்தான். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. இனிமேல் எங்களுக்குக் கிருஷ்ணாயிலே தேவையில்லை, கார்டுக்கு வருகிறது மொத்தமும் அவளுக்கு! அவள் ரவையும் சர்க்கரையும் போட்டு ஏதோ இனிப்புச் செய்து கொண்டுவந்தாள். இன்னும் ஒரு ஸ்டவ் வாங்கி, சாயங்காலமும் இடியப்பம் போடலாம் என்று நானே யோசனை சொன்னேன்.

காஸ் கொடுத்த கையோடு ஏஜென்சிக்காரர்கள் ரேஷன் கார்டை வாங்கி, ஓரத்தில் ஊதா மையில் ஒரு சீல் குத்தினார்கள். அது எதற்கு என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை.

அடுத்த முறை கடையில் எண்ணெய் ஊற்றிய அன்று எனக்கு லீவு. இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். கடைக்காரர் கார்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"காஸ் சீல் கீதேம்மா. இந்தக் கார்டுக்கு இனிமே கிருஷ்ணாயில் கெடையாது."

"போன மாசம் குடுத்தீங்களே!" என்றேன்.

"நா இன்னாம்மா பண்றது? டெல்லில அளவக் கொறச்சிட்டாங்கோ. காஸ் கார்டுக்கு நிறுத்துன்னு இங்க ஆர்டர் வந்துகீது."

தில்லி குறைத்ததாம். அதற்கு மெட்ராஸ், காஸ் வைத்திருக்கிறவர்கள் தலையில் கை வைத்ததாம். யோசித்தால் நியாயம் போலத்தான் இருக்கும். காஸ் உள்ள வீட்டுக்கு எதற்குக் கிருஷ்ணாயில்? ஆனால் எங்கள் கார்டுக்குப் பின்னால் இன்னொரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அது எந்த ஆபீஸ் கண்ணிலும் படவில்லை. அவள் காலிக் கேனோடு வரிசையைவிட்டு விலகி நின்றாள்.

எங்கள் காஸிலேயே அவித்துக்கொள் என்றேன். கூச்சத்தோடு விடியற்காலையில் வந்து, சத்தமில்லாமல் வேலை செய்தாள். மாதம் பாதி தாண்டுவதற்குள் சிலிண்டர் தீர்ந்துபோனது. அடுத்தது பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருஷ்ணாயிலும் இல்லை, காஸும் இல்லை. மறுபடியும் மரத்தூள் அடுப்பின் முன்னால் இருமிக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் எங்கள் சமையலறைக்கு வரவில்லை.

கொஞ்ச நாள் கள்ள மார்க்கெட் எண்ணெயில் ஓட்டினாள். பிறகு சாயங்காலம் என்ன, காலையிலும் இடியப்பம் நின்றது. வாடகை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வாடகையை நீங்க விடுவியள். சாப்பாட்டுக்கு?" என்றாள். ஒரு நாள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.சி. வாங்கிவந்தாள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் அகதி முகாமுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அப்புறம்தான் சொன்னாள்.

தாம்பரம் ஸ்டேஷனில் நான்தான் ஏற்றிவிட்டேன். ராமேஸ்வரம் ரயிலில் ஜன்னலோரமாக மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கயும் இடியப்பம் விப்பமோ அம்மா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அங்க சும்மா இருக்கிறதுக்குத்தான் தருவினம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்டு தருவினமாம் அக்கா. என்ர பேரிலயே."

நல்லது என்றேன். ரயில் கிளம்புகிறவரை இரண்டு பேரும் கையை விடாமல் அழுதோம்.