கில்லீனும் கிள்ளையும்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் அதில் தமிழைக் கண்டுபிடித்துவிடுவார். அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தபோது சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாரநாளில் மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு இந்த ஆராய்ச்சி. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி அயர்லாந்துக்காரர். அவர் பிறந்த இடத்தின் பெயர் கில்லீன் என்று தெரிந்த அன்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் சொந்த ஊர் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை. கிள்ளை என்றால் கிளி. ஆகவே கில்லீனிலும் ஒரு காலத்தில் கிளிகள் பறந்திருக்க வேண்டும்! அந்தக் குளிரில் கிளி எப்படிப் பிழைக்கும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதைப் பற்றிப் பேசுவதாக வேறு ஒப்புக்கொண்டுவிட்டார்.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டியை டீக்கு அழைத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எட்டு வயதில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெருமையில் எனக்கு வடைகூட வேண்டியிருக்கவில்லை.

கில்லீன் ஓர் ஊரே இல்லையாம். நாலு வீடு, கொஞ்சம் வயல், ஓர் ஓடை. அப்படிப்பட்ட துண்டு நிலத்தை அங்கே டவுன்லேண்ட் என்பார்களாம். அப்பா கிளியைப் பற்றிக் கேட்டதும் ஆன்ட்டி சிரித்துவிட்டார். ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்குச் சின்னக் கோயில் என்று பொருளாம். கோயில் எப்போதோ இடிந்துபோய் வெறும் மேடுதான் மிச்சம். அந்த மேட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது.

நான் அம்மாவிடம் திரும்பினேன். "பேர் வைக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போற பேபீஸை அங்கதான் புதைப்பாங்களாம்மா. சர்ச்ல விட மாட்டாங்களாம். அப்பாங்க மட்டும் தூக்கிட்டுப் போவாங்களாம்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மாங்களுக்கு எடம் தெரியுமான்னு கேளு."

கேட்டேன். தெரியாமல் என்ன, பெயரே சொல்லுகிறதே என்றார் ஆன்ட்டி. அப்படிக் குழந்தைகளைப் புதைக்கிற இடத்தையே அங்கே கில்லீன் என்றுதான் சொல்வார்களாம். அந்த வழியாகப் போகும் பெண்கள் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்களாம்.

அவர் வாசலைத் தாண்டியதும் அப்பா என் மேல் பாய்ந்தார். "பாப்டைஸ் பண்றதுன்னா பேர் வைக்கறது இல்ல, ஞானஸ்நானம். தெரியாட்டி என்னைக் கேக்கணும். அரைகுறையா ட்ரான்ஸ்லேட் பண்ணாதே."

"அவ சரியாத்தான் சொன்னா" என்றாள் அம்மா. "அன்னிக்கு நீங்களும் உங்க அண்ணனும்தானே தூக்கிட்டுப் போனீங்க? அந்த எடத்துக்கு என்ன பேரு? இப்பவாவது சொல்லுங்க."

அப்பா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லையா, சொல்ல முடியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொங்கல் விழாவில் அவர் பேசவில்லை. வீட்டிலும் இருவருக்கும் பல நாள் பேச்சு இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. எல்லாம் நான் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னதால் வந்த வினை என்று நினைத்து, பள்ளிப் பேருந்தில் ஞானஸ்நானம், ஞானஸ்நானம் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைக்கும் நாள்வரைகூடத் தங்காத அக்கா ஒருத்தி கிள்ளையில் எங்கோ கிடக்கிறாள் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.