காவல்கோபுரத்துக்கு மேலே ஓர் ஊற்று

வாரத்தில் ஆறு நாள் அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். பழைய நகரத்தின் மதில்சுவரை ஒட்டிய கடை. வெளியூர்க்காரர்கள் அந்தச் சுவரைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அவளுக்கு அது மத்தியான வெயிலை மறைக்கிற சுவர், அவ்வளவுதான். ஏழாம் நாள் மட்டும் அவளைக் கையில் பிடிக்க முடியாது. விடிந்தும் விடியாததுமாகத் தடித்த டயர் போட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு, தார் ரோடு முடிகிற இடத்தில்தான் உலகமே ஆரம்பிக்கிறது என்பதுபோலக் கிளம்பிவிடுவாள்.

ஆற்றோரச் சரளைப் பாதைகளிலும் குன்றுகளின் செம்மண் தடங்களிலும் ஓட்டிப்போய், எது போகத் தகுந்தது என்று சைக்கிள் சங்கத்துக்குச் சொல்வது அவள் வேலை. சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் உண்டு. டயரில் முள் ஏறி எவனாவது உருட்டிக்கொண்டு நடந்து வந்தால், "எல்லாம் ரூட்டக்கா காட்டின வழி" என்பான். சங்கத்தில் அவள் பெயரே ரூட்டக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் வெட்கமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் காலை நேரங்களைப் பற்றிக் கேட்டால் அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆற்றின் மேல் மூடுபனி கிடக்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கூடவே வரும். சக்கரத்தின் கீழே கூழாங்கற்கள் கரகரவென்று பேசும். கொஞ்ச தூரம் போனதும் மிதிப்பது தன் கால்தானா என்பதுகூட மறந்துபோகும். பாதை தானாக வந்து சக்கரத்துக்குள் நுழைந்து பின்னால் போய்க்கொண்டிருக்கும். இப்படி ஒருத்தி அரைத் தூக்கத்தில் கண்ட வழியை நம்பித்தான் ஊரே கிளம்பியது என்பதை நினைத்தால் கொஞ்சம் பகீர் என்கிறது.

முதலில் இந்த வேலையைப் பார்த்தவர் அவள் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மருந்து டப்பாவின் மேல் இருக்கிற எழுத்தைக்கூட விடமாட்டார். ஐந்து வருடத்துக்கு முன்னால் வடக்கு மலையில், இடிந்த காவல்கோபுரத்தைத் தாண்டி மேலே போனவர், சரிவில் உருண்டு விழுந்தார். ஆறு மணி நேரம் கழித்து ஆடு மேய்ப்பவர்கள் பார்த்தார்கள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஜன்னலோரக் கட்டில், மடியில் சாய்வுப் பலகை, காதில் சிவப்புப் பென்சில் என்று வாழ்க்கை அடங்கிவிட்டது. விழுந்த கதையை யாரிடமும் அவர் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

அவர் விட்ட சைக்கிளில் இரண்டு வருடம் கழித்து அவள் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வரும் நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை.

"அவருக்கு வாரத்துல ஒரு நாளாவது வெளிக்காத்து வேணாமா?" என்றாள் இவள்.

"காத்து அண்ணனுக்கு, ஊர் சுத்தறது உங்களுக்கா? நல்லாருக்கு அண்ணி உங்க நியாயம்."

ஆனால் நியாயம் அதுதான். மத்தியானம் திரும்பி வந்து, குளித்து, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு "ம், கிளம்பு" என்பார். கோட்டை வாசலிலிருந்து ஆரம்பித்து அவள் சொல்லச் சொல்ல, அவர் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வருவார். இறக்கம் வந்தால் இரண்டு விரல்கள் போர்வையைப் பிரேக் பிடிப்பதுபோல அழுத்தும். நடுவில் திருத்தமும் வரும். "மரப்பாலம் தாண்டி மொத திருப்பம் இல்ல, ரெண்டாவது. ஆத்துக்குள்ள இறக்கப் பாக்குறியா என்னை?" இப்படிச் சொன்னதைத்தான் பிறகு அவர் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவார். சங்கம் அதை வருடத்துக்கு ஒரு பாதைப் புத்தகமாகப் போடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வடக்கு மலையையும் பார்த்துவரச் சொல்லிச் சங்கம் கேட்டது. போனாள். காவல்கோபுரம் வரை போனாள். அதற்கு மேல் கால் மிதிக்கவில்லை. கோபுர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மத்தியானம் அவர் கண்ணை மூடியபடி, "கோபுரத்துக்கு மேல எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பயந்து திரும்பிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா சமமா இருக்குங்க," என்றாள். "இடது பக்கம் வளையுது. ஒரு பாறை. அது அடியில ஊத்து. கை வச்சேன், ஜில்லுனு இருந்துச்சு."

அவர் ஒன்றும் திருத்தவில்லை. பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது, "வடக்கு மலைக்குப் போலாமா?" என்பார். ஒவ்வொரு தடவையும் பாதை கொஞ்சம் நீண்டது. ஊற்றைச் சுற்றிப் பாசி வந்தது, பாசிக்குப் பக்கத்தில் நீலப்பூ வந்தது, அப்புறம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற ஒரு புல்வெளி வந்தது. அந்த இடத்தில் மட்டும் அவர் விரல்கள் பிரேக்கைத் தேடாது; போர்வை மேல் விரிந்தே கிடக்கும். பொய்தான், பச்சைப் பொய். ஆனால் சொல்லும்போது அவளுக்கே அந்தத் தண்ணீரின் வாசனை வந்தது. வடக்கு மலை என்னாயிற்று என்று கேட்கிற சங்கத்திடம், அது அடுத்த பதிப்புக்கு ஆகட்டும் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இந்த வருடத்துப் பாதைப் புத்தகம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் எல்லோருக்கும் கொடுத்து, அங்கிருந்தே கிளம்புவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் படுக்கையைத் தட்டிப் போடும்போது சாய்வுப் பலகையின் அடியில் ஒரு தாள் கிடைத்தது. வடக்கு மலை. கோபுரம், இடது வளைவு, பாறை, ஊற்று, பாசி, நீலப்பூ. ஒன்றுவிடாமல் அச்சாகியிருந்தது.

"புஸ்தகம் எல்லாம் அனுப்பியாச்சா?" என்று கேட்டாள்.

"போன வாரமே அனுப்பியாச்சே," என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டு.

நாளைக்கு முப்பது பேர் அந்தப் புத்தகத்தோடு கிளம்புவார்கள். இல்லாத ஊற்றைத் தேடி, அவர் விழுந்த அதே சரிவில் எவனாவது இறங்குவான். உடைத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் பொய்யாகிவிடும். சங்கச் செயலாளரிடம் சொல்லலாம் என்றால் அவர் ஓட்டைவாய். அடுத்த நொடியே இவருக்குத்தான் போன் போடுவார். நாளைக்குக் கோபுரத்தடியில் தானே போய் நின்று, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தாள். தலைபோகிற விஷயத்துக்கு இப்படி ஒரு முட்டாள்தனமான வழியை அவளால்தான் யோசிக்க முடியும்.

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் கோபுரத்தடியில் இருந்தாள். ஆட்கள் வர நேரமிருந்தது. எவ்வளவு மோசமான இடம் என்றாவது தெரிய வேண்டுமே என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்தே மேலே ஏறினாள். இடது பக்கம் எதுவும் வளையவில்லை. பாதை நூறடியில் உடைந்து, பொடிக்கல் சரிவாக இறங்கியது. கீழே ஒரு பாறையில் மீட்புக்குழு அடையாளத்துக்குப் பூசிய சிவப்பு வட்டம் மங்கிப்போய் இருந்தது. கையை ஊன்றி ஊன்றி இறங்கி, அந்தப் பாறையடியில் உட்கார்ந்தாள். நிழல் இல்லை. ஒரு பச்சை இல்லை. தூரத்தில் பள்ளத்தாக்கின் அடியில் ஆறு சத்தமில்லாமல் மினுங்கியது. ஆறு மணி நேரம் அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். ஐந்து வருடமாக அழாததை எல்லாம் சேர்த்துவைத்து அழுதாள்.

பேச்சுக் குரல் கேட்டதும் விழுந்தடித்து மேலே வந்தாள். கோபுரத்தடியில் ஒரு கணவன் மனைவி, கையில் புதுப் புத்தகத்தோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மேல போகாதீங்க!" என்று கத்தினாள்.

"போகலியே ரூட்டக்கா," என்றான் அவன். "இதோட திரும்பணும்னுதானே புஸ்தகத்துல போட்டிருக்கீங்க?"

வாங்கிப் பார்த்தாள். கறுப்புக் கட்டம் போட்டு இருந்தது: காவல்கோபுரத்துடன் திரும்பிவிடவும். மேலே பாதை இல்லை.

வீட்டுக்கு வந்தவள் குளிக்கவில்லை. முட்டியில் மண்ணோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, சாய்வுப் பலகையடியில் கிடைத்த தாளைப் போர்வை மேல் வைத்தாள்.

"இன்னிக்குத்தான் மேல போனேங்க. இத்தனை நாளும் போனதில்ல. பயம். எல்லாம் நானா கட்டினது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாளே. நான் விழுந்த எடம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப இந்தத் தாள்?"

"புஸ்தகத்துக்கு உள்ளதைப் போட்டு அனுப்பிட்டேன். இது எனக்கு, அச்சகத்துல சொல்லி ஒரே ஒரு தாள் அடிச்சு வாங்கினேன்." தாளின் மடிப்பை விரலால் நீவினார். "அன்னிக்குத் தாகம் தாங்கல. கீழ ஆறு தெரியுது, எட்டாது. நாக்கு ஒட்டிக்கிச்சு. ரொம்ப நாள் கனவுலகூட அந்தத் தாகம்தான் வரும். நீ வந்து அந்த எடத்துல ஊத்து வச்சே பாரு, அதுக்கப்புறம் வரல."

சமையலறையில் நாத்தனார் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். பிழை கண்டால் விடாத மனிதரின் தாளில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

அவர் கண்ணை மூடினார். "ம், கிளம்பு."

கோட்டை வாசலிலிருந்து ஆரம்பித்தாள். ஆற்றோரம், மரப்பாலம், ரெண்டாவது திருப்பம். கோபுரம் வந்தபோது அவள் நிறுத்தவில்லை.