உருக்கா பிளாஸ்டிக்கா என்று பேசிக்கொண்டிருந்த மதியம்

மனைவியின் அண்ணனுடைய பல் விளக்கும் பிரஷ்ஷை நான் ஒருநாள் ஒளித்துவைத்தேன். குளியலறைக் கோப்பையில் எங்கள் மூன்று பிரஷ்களோடு நான்காவதாக அது நின்றது. எடுத்துத் துடைத்து, என் சட்டைகள் இருந்த லாச்சியை இழுத்து உள்ளே போட்டேன். பிறகு சின்ன அறைக்குப் போய், அவர் படுக்கும் மெத்தையை மடித்து அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். ஹீட்டரில் காயப்போட்டிருந்த, அவர் இடுப்பில் கட்டும் சாரத்தையும் விடவில்லை. இதையெல்லாம் செய்தது ஒரு கைத்துப்பாக்கிக்காக.

எண்பதுகளின் கடைசி அது. ஆங்கிலேயரின் தலைநகரத்தில், ஸ்ட்ரெதம் என்ற பகுதியில் எங்கள் வீடு. நான் ஒரு பொறியியல் கம்பனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் கூட்டிப்போக, பிஸ்டல் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிறு காலைகளில் கடதாசி இலக்குகளைச் சுடுவோம். எனக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். தொலைபேசி அடித்தால் ஊரில் யார் செத்தது என்றுதான் முதலில் தோன்றும். இலக்கைப் பார்த்து மூச்சை அடக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் அப்படி எதுவும் தோன்றாது. அதற்காகவே போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி வேறுவிதமாகச் சொன்னாள். "ஊரில துவக்குக்குப் பயந்து சனம் ஓடி வருது. இவர் இஞ்ச காசு கட்டிப்போய்ச் சுடுறார்."

கிளப்பின் பொதுத் துப்பாக்கிகள் சலித்து, சொந்தமாக ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். அந்த நாட்களில் கிளப்பில் பேச்சு முழுக்க ஒன்றுதான்: உருக்கா, பிளாஸ்டிக்கா? பழையவர்கள் எல்லாரும் உருக்கு உடலின் பக்கம். அது கனம். ஐம்பது தடவை சுட்டால் மணிக்கட்டு நோகும். ஆனால் அந்தக் கனமே உதைப்பை விழுங்கிவிடும், குழல் துள்ளாது, அடுத்த குண்டுக்கு உடனே இலக்குக்குத் திரும்பும். புதிதாக வந்தது பாலிமர் என்ற கடினமான பிளாஸ்டிக். மேற்பாகமும் குழலும் மட்டும் உருக்கு, பிடியும் உடலும் பிளாஸ்டிக். வியர்வைக்குத் துருப்பிடிக்காது, கைக்கு லேசு, ஆனால் சுடும்போது துள்ளும். "குழந்தைகளின் தண்ணீர்த் துப்பாக்கி" என்று கிளப்பில் ஒரு கிழவர் அதைக் கேலி செய்வார். கார் வாங்கப் போகிறவனைப்போல நான் எல்லாரையும் கேட்டேன். கொப்பியில் இரண்டு பக்கம் பிரித்து எழுதினேன். அலுவலகத்தில் வரைபடத்தின் ஓரத்திலும் பிடியின் சாய்வைக் கீறிப்பார்த்தேன்.

வாங்குவதற்குப் பொலிஸின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்கு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.

மனைவியின் அண்ணன் அந்தக் கார்த்திகையில்தான் வந்து சேர்ந்திருந்தார். ஊரில் கணக்கு வாத்தியார். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். சட்டப்படி எங்கள் முகவரியில்தான் பதிந்திருந்தார், அதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் என் மனம் வேறு கணக்குப் போட்டது. சண்டை நடக்கும் நாட்டிலிருந்து நேற்று வந்த ஒரு தமிழன் இருக்கிற வீட்டுக்கு யார் துப்பாக்கி அனுமதி கொடுப்பார்கள்?

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளில் மனைவி ஷிப்டில், மகள் பள்ளிக்கூடத்தில். நான் லீவு போட்டிருந்தேன்.

"மச்சான், மத்தியானம் ஓராள் என்னைப் பாக்க வருது. மூண்டு மணி மட்டும் லைப்ரரியில இருக்க ஏலுமோ?" என்றேன்.

"ஓம், அதுக்கென்ன. பிள்ளையின்ரை யூனிபோமை வந்து அயன் பண்ணுறன்," என்று கோட்டை மாட்டிக்கொண்டு போனார். யார் வருவது என்று அவர் கேட்கவே இல்லை.

அதிகாரி சீருடையில் இரண்டு மணிக்கு வந்தார். நல்ல மனிதர். வீட்டில் யார் யார் என்று கேட்டார். மனைவி, மகள், நான் என்றேன். எழுதிக்கொண்டார். சின்ன அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது ஒரு பேச்சுக்காகத்தான் கேட்டார், என்ன வாங்கப்போகிறீர்கள் என்று. நான் பிடித்துக்கொண்டேன். கொப்பியைக் கொண்டுவந்தேன், படங்களைக் காட்டினேன். உருக்கின் கனத்தைப் பற்றி, பிளாஸ்டிக்கின் துள்ளலைப் பற்றி, வெயிலில் பிளாஸ்டிக் வெடிக்குமா என்பதைப் பற்றி. அவரும் சுவாரசியமாகி மறுபடி உட்கார்ந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மூன்று மணி தாண்டியதை நான் கவனிக்கவில்லை.

"உங்கள் கேற்றடியில் யாரோ நிற்கிறார்," என்றார் அதிகாரி.

பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு, ஒரு கை கேற்றில், மச்சான். யன்னலுக்குள் தெரிந்த சீருடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பினேன்.

"யாரோ வீடு தேடுகிறார்போல," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த வசனத்தில் பிளாஸ்டிக்கின் எடைக்குத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது கேற்றடியில் ஒருவரும் இல்லை.

அதிகாரி போனபின் பிரஷ்ஷைக் கோப்பையில் வைத்தேன், மெத்தையை விரித்தேன். மகளைக் கூட்டிவந்தேன். நான்கு மணி, ஐந்து மணி. மச்சான் வரவில்லை. லைப்ரரியில் இல்லை, பஸ் நிறுத்தங்களில் இல்லை. மனைவி வந்து, "அண்ணை எங்கை?" என்றாள். வெளியே போனவர் என்று மட்டும் சொன்னேன். ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள். கேட்டுவிட்டு என்னை நோக்கித் திரும்பினாள்.

"அண்ணை பொலிஸ் ஸ்டேஷனில இருக்கிறாராம். தானாப் போனவராம். என்னப்பா நடந்தது?"

ஸ்டேஷன் வாங்கில் அவர் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் அகதிப் பத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் பை. கவுண்டரில் இருந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என் தங்கை குடும்பம் குற்றம் செய்யவில்லை, நான்தான் தங்கியிருக்கிறேன், என்னைப் பிடியுங்கள் என்கிறார். நாங்கள் யாரையும் தேடவில்லையே. இவர் உங்கள் வீட்டிலா இருக்கிறார்?"

மதியம் சொன்ன பொய் இதே கட்டடத்தில் ஏதோ ஒரு கோப்பில் இருந்தது. கவுண்டரில் கிடந்த பேனையை எடுத்து மறுபடி வைத்தேன். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "கார்த்திகையிலிருந்து எங்களோடுதான்."

காரில் ஏறியதும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். "குறை நினையாதேங்கோ மச்சான். பொலிஸ் என்னைத் தேடித்தான் வந்தது எண்டு நினைச்சன். நீங்கள் முகத்தைத் திருப்பி எனக்குச் சைகை காட்டினியள், நான் ஓடியிட்டன். பிறகு யோசிச்சன், என்னை வச்சிருந்ததுக்கு உங்களையல்லோ கொண்டு போவாங்கள் எண்டு. அதுதான் போய்ச் சொன்னனான்."

அப்படியே விட்டிருந்தால் அவர் நம்பியிருப்பார். எஞ்சினை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். வீட்டில் மூன்று பேர் என்று சொன்னதையும், பிரஷ்ஷையும்கூட.

"துவக்கோ?" என்றார். "உங்களுக்கோ? என்னத்துக்கு?"

"விளையாட்டுக்கு."

அவர் சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் போட்டேன். அதை மச்சானிடம் சொன்னேன். "சரி," என்றார். மனைவிக்கும் சொன்னேன். அவள் பல நாள் என்னோடு கதைக்கவில்லை. மச்சான் எப்போதும்போல யூனிபோமை அயன் பண்ணினார். ஆனால் குளித்துவிட்டு வரும்போது தன் பிரஷ்ஷைக் கையோடு அறைக்குள் கொண்டுபோகத் தொடங்கினார். அடுத்த வாரம் சவுத்தாலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, தெரிந்தவர் ஒருவரோடு அறை பார்த்துவிட்டதாகச் சொன்னார். போகவேண்டாம் என்று நான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அவர் கேட்கவில்லை.

பையைக் காரில் வைக்கும்போது மெதுவாகச் சொன்னார். "சின்னவளிட்டை எனக்கு வேலை கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ. உந்தத் துவக்குக் கதை ஒண்டும் அவளுக்கு வேண்டாம். தகப்பனைப் பற்றிப் பிள்ளை அப்பிடி நினைக்கக் கூடாது."

மகள் பள்ளிக்கூடத்தால் வந்து மாமா எங்கே என்று கேட்டாள். நான் அப்படியே சொன்னேன். அவள் துள்ளிக் குதித்தாள். புது வேலைக்கு வாழ்த்துச் சொல்ல, மேசையும் கதிரையும் டை கட்டிய ஒரு மனிதரும் வரைந்து மட்டை ஒன்று செய்தாள். சவுத்தால் முகவரியை நான்தான் எழுதினேன். முத்திரையும் நான்தான் ஒட்டினேன்.