கையை மூடினால் நிறுத்த வேண்டும்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னை, தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு படகுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வைகை அணையில் பரிசல்காரர்கள் பிடிக்கிற மீனை வாங்கிக் கரைசேர்ப்பதுதான் என் வீட்டுக்காரரின் தொழில். படகின் பின்பக்கம் மாட்டிய ஒற்றை எஞ்சின்தான் எங்கள் சொத்து. அதன் சத்தத்தை முதல்முறை கேட்டபோது, இதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றுதான் நினைத்தேன்.

மழை பொய்த்த வருஷங்களில் அணைத் தண்ணீர் வற்ற வற்ற, முங்கிக் கிடந்த பனந்தூர்களும் பழைய கிணற்றுச் சுவர்களும் மேலே வந்துவிடும். எஞ்சின் விசிறி அதில் மோதினால் அதைப் பிடித்திருக்கிற சின்னக் கம்பி ஆணி அறுந்துபோகும், பிறகு துடுப்புதான் கதி. அதனால் நான் முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பேன். அவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்திருப்பார். அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கிக் காட்டுவேன். விரித்தால் மெதுவாகப் போகவேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும். மூடியதும் எஞ்சினிலுள்ள சிவப்புப் பொத்தானைப் பெருவிரலால் அமுக்குவார். கரையே வந்தாலும் நான் மூடாமல் அமுக்கமாட்டார்.

“பின்னால இருக்குறவனுக்கு என்ன தெரியும்? தண்ணியப் பாக்குறவ நீதான?” என்பார். வீட்டில் என் பேச்சு ஒன்றைக்கூடக் காதில் வாங்காத மனுஷன், படகில் மட்டும் என் கைக்கு அடங்கி நடந்தார்.

வேலை முடிந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்துவந்து, வாசலில் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓடவிடுவார். உள்ளே சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாமல் சூடேறி எஞ்சின் இறுகிப்போகும். எஞ்சினின் பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீச்சுகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார்.

“எஞ்சினத் தொட்டுப் பாக்குற கை, எனக்குக் காச்சல் வந்தா மட்டும் எங்கன போயிருது?” என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே பிளக்கைத் துடைப்பார்.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போனது. அதன்பிறகு அந்தக் கைதான் எங்களுக்குப் பேச்சு. சோறு போதுமென்றால் கையை மூடுவார். அவசரமாக எழுந்து நடந்தால் நான் விரித்துக் காட்டுவேன். இப்படியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நம்பினேன். கட்டி மறுபடி வந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தார். சொந்தபந்தங்கள் பால் ஊற்றிப் பார்த்தார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று, நாத்தனார் அணைக்கரை மண்ணை அணைத் தண்ணீரிலேயே கரைத்து உதட்டில் விட்டார். எதற்கும் அடங்கவில்லை.

“தம்பி எதுக்கோ காத்துக் கெடக்கான் ஆத்தா. ஒனக்குத்தான் புரியும், என்னன்னு பாரு,” என்றார் நாத்தனார்.

எனக்குப் புரிந்துதான் இருந்தது. அவர் கண் என் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். எந்தப் பொண்டாட்டிக்கு மனசு வரும்? ஆனால் அந்த மூச்சு, தண்ணீர் ஏறாத எஞ்சின் மாதிரி காய்ந்து இரைந்தது. அப்படி ஓர் எஞ்சினை ஒரு நிமிஷம்கூட ஓடவிடுகிற ஆள் இல்லை அவர்.

கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். முதலில் கையை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். அழுகையை அடக்க முடியவில்லை. அப்படியே கையைத் தூக்கி மூடினேன்.

போர்வைமேல் கிடந்த அவருடைய பெருவிரல் லேசாக அழுந்தியது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்றுபோனது.

பெண்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். எனக்கு மூடிய கையை விரிக்கத் தெரியவில்லை. நாத்தனார்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.