கேரவனுக்கு எந்த வழிகாட்டிக் கருவி? போபோடியிலிருந்து பவனா ஏரி வரை

என் கணவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் வலி. கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். அதற்காகத்தான் இந்தக் கேரவன். அவரே படம் வரைந்து கொடுத்து, புணே பக்கம் பிம்ப்ரியில் ஒரு பட்டறையில் செய்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு ஜன்னல். எங்கள் பழைய ஜீப்பின் பின்னால் மாட்டி நான் ஓட்டிப்போக வேண்டும்.

வண்டி வாசலுக்கு வந்ததும் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. "இந்த டப்பா" என்றுதான் சொல்வார். ஹடப்சரில் வடாபாவ் கடை போட ஒருவர் அதைக் கேட்டிருந்தார். ஞாயிறு மாலை வந்து பார்ப்பதாகப் பேச்சு. அதற்கு முதல் நாள் ஒரே ஒரு பயணம், சரிப்படாவிட்டால் கொடுத்துவிடலாம் என்று சம்மதிக்க வைத்தேன். அது 2009 பிப்ரவரி. முந்தின இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை உற்சாகம்.

ஜீப்பின் முன் கண்ணாடியில் வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவிகள் இரண்டை ஒட்டினேன். ஒன்று அலுவலகத் தோழியிடம் இரவல் வாங்கியது. மற்றது கேம்ப் பகுதிக் கடையில் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். திங்கட்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இரவல் கருவி எப்போதும் மிகக் குறுகிய தூரத்தையே தேடும், திருப்பம் வந்த பிறகுதான் வாய் திறக்கும். கடைக் கருவி அரை கிலோமீட்டருக்கு முன்பே சொல்லிவிடும். அடுத்த பெட்ரோல் பம்ப் எத்தனை தூரம் என்றும் காட்டும். ஒவ்வொரு பம்பிலும் நிறுத்தினேன். அவர் பின்னால் போய்ப் படுத்தார், நான் டீ குடித்தேன். தேஹு ரோடு தாண்டியபோது பக்கத்து இருக்கையில் அவர் சன்னமாக விசிலடிப்பது கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சுமார் முப்பத்தேழு கிலோமீட்டரில் காம்ஷேட். இரவல் கருவி இடப்பக்கம் பஜாருக்குள் திரும்பச் சொன்னது. கடைக் கருவி நேரே போய் அகலமான சாலையில் திரும்பச் சொன்னது.

"பஜார் வழியே போ மாலதி. ஸ்கூட்டர்ல எத்தனை வாட்டி வந்திருக்கேன்."

"ஏங்க, ஸ்கூட்டருக்குப் பின்னாடி வீடா இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். உண்மையில் எனக்கும் அந்தச் சந்துதான் பழக்கம். புணேவில் இருபது வருடம் இரண்டு சக்கரத்தில் அலைந்தவர்களின் தலைக்குள் இருக்கும் வரைபடத்தில், ஹேண்டில் நுழைகிற இடமெல்லாம் சாலைதான்.

காய்கறிக் கடைகளுக்கு நடுவில் ஒரு வளைவு. ஜீப் திரும்பிவிட்டது, கேரவன் திரும்பவில்லை. பின்னால் எடுத்தால் அது வெங்காயக் குவியலை நோக்கிப் போனது. இரவல் கருவி நேரே போகச் சொல்லிக்கொண்டே இருந்தது. இவர் முகம் இறுகிவிட்டது. ஹடப்சர்காரருக்கு இப்போதே போன் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

கடைக்காரர்களே கூடிவிட்டார்கள். கொக்கியைக் கழற்றி, பத்துப் பேர் கேரவனைக் கையால் தள்ளி நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனார்கள்; நான் ஜீப்பைப் பின்னோக்கி ஓட்டி வந்து சேர்ந்தேன். கூட வந்த ஒரு வெங்காயக்கார அம்மாள் ஜன்னல் வழியே அடுப்பைப் பார்த்துவிட்டு, வடாபாவ் என்ன விலை, கடை எப்போது திறக்கும் என்று மராத்தியில் கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன்.

"வடாபாவ் நாஹி, மாவ்ஷி," என்றார் இவர். "கர் ஆஹே. ஆம்ச்ச கர்."

வடாபாவ் இல்லை சித்தி, வீடு, எங்கள் வீடு. அந்த அம்மாள் விடவில்லை, அப்படியானால் டீயாவது போட்டுக் கொடு என்றார். போட்டோம். தள்ளியவர்கள் அத்தனை பேரும் குடித்தார்கள். பால் தீர்ந்துவிட்டது.

அகலச் சாலையில் சுற்றிப் போனதில் ஏழு கிலோமீட்டர் கூடுதல். ஏரிக்கரையில் நண்பரின் நிலத்தில் நிறுத்தினோம். கதவைத் திறந்து வைத்து, கட்டிலில் படுத்தபடியே இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே ஹடப்சருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார். அவர் காரணம் கேட்டிருப்பார் போல. "அதுல நாங்க குடியிருக்கோம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்தார்.

கேரவனுக்குக் கருவி வாங்குகிறவர்களுக்கு: திரையின் அளவைப் பார்க்காதீர்கள். திருப்பத்தை எவ்வளவு முன்னால் சொல்கிறது, நிறுத்த இடம் காட்டுகிறதா, குறுகிய தூரம் தேடுவதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். எந்தக் கருவிக்கும் உங்கள் வண்டியின் நீளம் தெரியாது. சந்தேகமான சந்து என்றால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு நுழையுங்கள். பால் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கருவியைத் திருப்பிக் கொடுக்க அல்ல, அதற்கு இன்னொரு சார்ஜர் வாங்க.