டக்கென்று உடையாத மக்காச்சோளம்

விதைக்கிடங்குக்காரருக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் 'பல்லுக்காரர்' என்றுதான் பெயர். பல் எடுப்பாக இருந்ததால் அல்ல. உலர்த்திய மக்காச்சோளத்தில் ஒரு மணியைக் கடைவாயில் போட்டுக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்துவிட்டது, மூட்டை கட்டலாம். நசுங்கினால் ஈரம், மறுபடியும் உலர்த்திக்குள் போகவேண்டும். ஈரம் அளக்கும் கருவி மேசைமேல் இருக்கத்தான் செய்தது. அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்.

"இவரு பல்லு செட்டு கட்டுற அன்னிக்குப் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்பான் மூட்டை தூக்குகிறவன்.

"என் பல்லு போறதுக்குள்ள உன் வாய் போயிடும்டா."

அவர் மனைவிக்கு அதே பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்யாணமானதிலிருந்து இருவருக்கும் ஒரு வழக்கு உண்டு. அவருக்குச் சோளம் என்றால் கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கவேண்டும். வண்டு வாய் வைத்தால் தோற்றுப்போகவேண்டும். அவளுக்கோ சுண்ணாம்புக் கட்டி மாதிரியான மாவுச்சோளம்தான் செல்லம். ஒரு மரபணுவில் நேர்ந்த சின்ன மாற்றத்தால் வந்தது அது. சாதாரண மணியில், செங்கல்லுக்கு நடுவே பூசிய சிமெண்ட்போல, ஒருவகைப் புரதம் மாவை இறுக்கிப் பிடித்திருக்கும். இதில் அந்தப் புரதம் குறைவு. அதனால் மணி மெத்தென்றிருக்கும். விளக்குக்கு நேரே பிடித்தாலும் வெளிச்சம் ஊடுருவாது. ஆனால் மீதியுள்ள புரதம், வளரும் உடம்புக்கு மிகவும் உகந்தது.

"உடம்புக்கு நல்லதுன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வண்டுக்கு யாரும் சொல்லாமலே தெரிஞ்சிருக்கு" என்பார்.

"வண்டுக்கு இருக்கிற அறிவு வீட்ல சிலருக்கு இல்லை. என்ன செய்ய?"

அந்தப் பருவத்தில் ஓயாத மழை. பல வருடம் கலப்பு செய்து அவள் உருவாக்கிய மாவுச்சோளச் செடிகளில் கதிர்கள் பூஞ்சணம் பிடித்து அழுகின. ஒன்றே ஒன்று தேறியது. அதன் மணிகளைத் தட்டில் உதிர்த்துக் கிடங்குக்குக் கொண்டுவந்தாள்.

"என்னங்க, இவ்வளவுதான் இருக்கு. இது போச்சுன்னா நான் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"என்கிட்டயா சொல்ற?" என்றார்.

கருவிக்கு ஒரு கிண்ணம் நிறைய மணி வேண்டும். இருந்ததைக் கொட்டினால் பாதிகூட நிறையாது. ஆகவே பல்தான். தட்டைத் தனியாக உலர்த்தியில் வைத்தார். சாயங்காலம் ஒன்றைக் கடித்தார். 'டக்' இல்லை. மறுநாள் சூட்டைக் கொஞ்சம் கூட்டினார். அன்றும் நசுங்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"காஞ்சுதா?" என்று வீட்டில் கேட்டாள்.

"உன் சோளம் உன்னை மாதிரியே. லேசுல வழிக்கு வரமாட்டேங்குது."

இப்படியே சில நாள் போனபின், ஒரு சாயங்காலம் கடித்த மணியின் மாவு தொண்டைக்குள் பறந்து புரையேறியது. இருமி ஓய்ந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஈரமான மாவு பறக்குமா?

தன் அளவுகோலை முழுதாக நம்புகிறவனுக்கு, அளக்கும் பொருள் மாறிவிட்டது கடைசியில்தான் உறைக்கும். அந்த மணி எத்தனை காய்ந்தாலும் டக்கென்று உடையாது. உடைவதற்கான இறுக்கமே அதில் கிடையாது. காய்ந்த விதையைத்தான் நாள்கணக்கில் சூட்டில் வைத்திருந்தார். உள்ளே முளை வெந்திருக்கலாம்.

பெரிய குணவான் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் தப்பை ஆறப்போடும் பழக்கம் இல்லை. தட்டோடு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"எத்தனை கடிச்சீங்க?"

"தினம் ஒண்ணுதான்."

"தின்னது போக, மிச்சத்தை வறுத்தும் கொண்டுவந்திருக்கீங்க."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். எல்லா விதைகளையும் ஈரத்துணியில் சுருட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தாள். வீட்டில் பேச்சு நின்றது. தட்டில் சோறு விழும், வார்த்தை விழாது. அவரோ தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் துணியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"திறந்து திறந்து பாத்தா பயந்துபோய் உள்ளயே இருந்துடும்" என்றாள் ஒருநாள். அவர் கேட்டதிலேயே இனிமையான ஏச்சு அது.

பிறகு ஒரு காலையில் வெள்ளை வேர்கள் தலை நீட்டின. பாதிக்கும் குறைவுதான், மற்றவை ஊதி அழுகிப்போயின. அவர் கடைக்கு ஓடிக் காகிதக் குவளைகள் வாங்கிவந்து மண் நிரப்பினார். மூட்டை புரட்டிப் பழகிய விரல்களால், ஒவ்வொரு முளையாக எடுத்து மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தார்.

"வேர் கீழ இருக்கணும்."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னுதானே சூட்டைக் கூட்டினீங்க."

கடைசியில் ஒன்று மிஞ்சியது. வேர் சுருண்டு, நுனி பழுப்பேறியிருந்தது.

"அது தேறாது, விடுங்க."

"எப்படிச் சொல்ற?"

"பாத்தாலே தெரியுது."

"எனக்கும் கடிச்சாலே தெரிஞ்சுது" என்றார் அவர்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், ஒரு குவளையை அவர் பக்கம் தள்ளினாள்.